ஹென்றி மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான்

சவரிநாதன் கண்ணாடி முன்னால் நின்று முகத்தின் வலது பாதியை மட்டும் சவரம் செய்து முடித்திருந்தார். இடது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. ரேசரைக் கழுவி, பிரஷ்ஷை உதறி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

டோரதி ரேசரை எடுத்து, கணவரின் மறு கன்னத்தைத் தானே மழித்துவிட்டாள்.

எட்டு மாதமாக இப்படித்தான். தட்டின் இடது பக்கம் இருக்கும் சோறு அவருக்குத் தெரியாது. தட்டைத் திருப்பி வைத்தால்தான் மீதியைச் சாப்பிடுவார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவர் மூளைக்கு மறந்துபோச்சு" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஹென்றி எழுந்துட்டானா?" என்றார் சவரிநாதன். "சிப்டுக்கு நேரமாவுது பாரு."

தினமும் காலையில் வரும் கேள்விதான். 'அவரு முன்னாடியே வேலைக்குப் பூட்டாரு' என்று டோரதி தினமும் சொல்லும் பதிலும் ஒன்று உண்டு. ஆனால் இன்றைக்கு அது செல்லாது. ராயபுரம் மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமங்க. லீவு."

"லீவா? அப்போ அவன் எங்க?"

டோரதி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மாமியா வூட்டுக்குப் போயிருக்காரு. திருவொத்தியூருக்கு."

"ஓகோ" என்றார் சவரிநாதன். திருப்தியாகிவிட்டார்.

ஹென்றி அவருடைய ஒரே தம்பி. பதினோரு வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு பட்டறையில் அண்ணன் தம்பி இரண்டு பேருமே பிட்டர்கள். ஒரே சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் வருவார்கள். அண்ணன் மிதிப்பார், தம்பி கேரியரில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவான்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. தண்டவாளத்தைக் கடக்கும்போது முன் சக்கரம் இரும்புப் பள்ளத்தில் சிக்கி, சைக்கிள் சரிந்தது. பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. ஹென்றி அங்கேயே போய்விட்டான். சவரிநாதன் தலையில் அடிபட்டு இருபத்திரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தபோது தம்பியின் கல்லறை மேல் மண் காய்ந்திருந்தது.

டோரதி அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் செய்தாள். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அலறினார். அரைமணி நேரத்தில் மறந்துவிட்டு மறுபடியும் "ஹென்றி எங்கே" என்றார். நாலாவது தடவை சுவரில் முட்டிக்கொண்டதில் தையல் பிரிந்தது. அதோடு டோரதி உண்மையை நிறுத்திவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள்: "பொய் சொல்றேன் சாமி."

"எத்தனை தடவைம்மா?"

"தெனமும் சாமி."

அவர் விவரம் கேட்டார். பிறகு, "போய் வாம்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு ஜெபம்கூட அபராதமாகக் கொடுக்கவில்லை.

இன்று டோரதிக்கு வேறு கவலை. நேற்று சாயங்காலம் பட்டறை மேஸ்திரி எத்திராஜ் வந்திருந்தார். தண்டையார்பேட்டை பிஸ்கட் கம்பெனி ஒன்றில் அவளுக்கு பாக்கிங் வேலை சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறது.

"போயிடுவியாம்மா? சவரி அண்ணன யாரு பாத்துப்பாங்க?"

"பாத்துக்க ஆளு கீது மேஸ்திரி" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒரு ஆள் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போ என்று சொல்லாதவர்கள் இல்லை. ஒரே ஒரு தடவை கால்மணி நேரம் பூட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கதவைக் குத்திக் குத்தி அவருடைய விரல் முட்டியெல்லாம் ரத்தம். "நான் இன்னா தப்பு பண்ணேன் டோரதி? ஏன் ஜெயில்ல போட்ட?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளால் இரண்டாவது தடவை கேட்க முடியாது. பூட்டாமலும் விட முடியவில்லை. எங்கேயாவது போக வேண்டும் என்று தோன்றிவிட்டால் அது மட்டும் அவருக்கு மறக்காது. போன மாதம் வேலைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு வரை போய்விட்டார். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் வழிந்தால்கூட அவருக்கு வாசனை தெரியாது.

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டாள். "அக்கா, பூசைக்குப் போயிட்டு, அப்படியே மடத்துல மதரப் பாத்துட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம் இவர பாத்துக்கோ."

"நீ போம்மா. நான் வாசல்லயே குந்திக்கினு கீறேன்."

* * *

மடத்து மதர் நல்லவர். டோரதியை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம் பக்கத்திலேயே இருந்தது. பகல் நேரம் மட்டும் அவரை அங்கே விட முடியுமா என்பதுதான் டோரதி கேட்டது.

"அவருக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தொண்ணு மதர்."

மதர் தலையை ஆட்டினார். "இங்க இருக்கறவங்க எல்லாம் எழுந்து நடக்க முடியாத வயசானவங்க. ஓடற மனுஷரப் பிடிக்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் மதர். இது பைத்தியம் இல்ல, மூளையில காயம், இங்க வெச்சிக்கிறதால ஒண்ணும் ஆவாதுன்னுட்டாங்க. பெரியாஸ்பத்திரில, மருந்து கொடுக்கறவரைக்கும் கொடுத்தாச்சு, வூட்டுக்கு கூட்டிகினு போன்னாங்க. இப்ப நீங்களும்..." டோரதி நிறுத்திக்கொண்டாள். மதரைக் குறை சொல்ல அவள் வரவில்லை.

"டாக்டர் வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. ஒரே ஆளு, அவருக்குத் தெரிஞ்ச ஆளு, தெனம் அதே நேரத்துக்கு வந்து அதே மாதிரி பாத்துகினா, கொஞ்சம் கொஞ்சமா பழக்கத்துக்கு வருவாருன்னாரு. அப்படி ஒரு ஆளு எங்க கெடைப்பாங்கன்னு கேட்டேன். அடுத்த நோயாளிய கூப்ட்டுட்டாரு."

மதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜெபித்தார். டோரதியும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனம் ஜெபத்தில் நிற்கவில்லை. நாளைக் காலை ஏழு மணி, ஏழு மணி என்றே அடித்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது சந்து முனையிலேயே ரஹீமுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் ஈரம். முகத்தைப் பார்த்ததுமே டோரதிக்குப் புரிந்துவிட்டது.

"கொயாயில தண்ணி வந்துச்சும்மா. ரெண்டே ரெண்டு கொடம். திரும்பி வந்து பாக்கறேன், ஆள காணோம். அல்லா மேல சத்தியமா ரெண்டே கொடந்தான் டோரதி!"

டோரதி அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓடினாள்.

கூட்ஸ் யார்டில் ஞாயிற்றுக்கிழமையும் வேகன்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை இரும்பு மோதும் சத்தத்துக்கும் அவள் நெஞ்சு அதிர்ந்தது. போன மாதம் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்த அதே கேட்மேன் இன்றும் இருந்தார்.

"இல்லம்மா. இன்னிக்கு இந்தாண்ட வரல. வந்திருந்தா நான் வுடுவேனா? லீவு நாளாச்சே, வேற எங்கியாவது போயிருப்பாரு."

லீவு நாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் டோரதி நின்றாள். காலையில் தான் சொன்ன பொய் அவளுக்கு ஞாபகம் வந்தது.

தம்பி எங்கே என்று கேட்டார். திருவொற்றியூரில் என்று அவள்தானே சொன்னாள்?

"ஐயோ மாதாவே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் போகக்கூடாத வீடு ஒன்று உண்டென்றால் அது அந்த வீடுதான்.

* * *

ஹென்றியின் மனைவி ஃப்ளோரா அம்மி முன்னால் உட்கார்ந்து மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்திமூன்று. கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் தாலியை இழந்தவள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் டோரதியிடம், "அவரு மிதிச்ச சைக்கிள்தானே? அவரு மட்டும் எப்படி பொழச்சாரு?" என்று கேட்டவள். அன்றைக்கே அண்ணன் லூயிஸோடு திருவொற்றியூருக்கு வந்துவிட்டாள். டோரதி இரண்டு தடவை தேடி வந்தாள். இரண்டு தடவையும் ஃப்ளோரா கதவைத் திறக்கவில்லை.

இன்று கதவு திறந்துதான் இருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

சவரிநாதன் நின்றுகொண்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது காலில் செருப்பு. இடது காலில் இல்லை. அது எங்கேயோ வழியில் கழன்றிருக்க வேண்டும். பாதம் கிழிந்து, வாசல்படியில் ரத்தக் கறை படிந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஹென்றிய கூப்டும்மா" என்று சிரித்தார். "லீவுன்னா இந்நேரம் வரைக்குமா தூங்குவான்?"

ஃப்ளோரா அம்மியிலிருந்து கையை எடுத்தாள். அவருக்குத் தலையில் அடிபட்டது அவளுக்குத் தெரியும். புத்தி கொஞ்சம் மந்தம் என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். ஆனால் இப்படி வாசலில் நின்று சிரித்துக்கொண்டு கேட்பார் என்று யார் நினைப்பார்கள்? தன்னைக் கேலி செய்கிறார் என்றே அவளுக்குப் பட்டது. எட்டு மாதமாக உள்ளே வைத்து வைத்துப் புழுங்கிய வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"எங்கேயிருந்து கூப்புடுவேன்? குழிக்குள்ளேர்ந்தா? செத்துட்டாரு! எட்டு மாசமா மண்ணுக்கடியில கீறாரு! நீதான் கொன்ன. நீ மிதிச்ச சைக்கிள்ளதான் செத்தாரு. போதுமா? இத கேக்கத்தான் வந்தியா?"

சவரிநாதனின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கலைந்தது.

"எப்போ?" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரும் என்னாண்ட சொல்லலியே." அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது. வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். "நான் எங்க இருந்தேன்? என் தம்பிய அடக்கம் பண்ணாங்களா? நான் ஏன் போவல? நான் போவாம எப்படி அவன தூக்கினாங்க?"

தரையில் கையால் அறைந்து அறைந்து அழுதார். அது ஒரு ஆண்பிள்ளை அழும் அழுகையே இல்லை. ஹென்றியின் பெயரைச் சொல்லி, அவன் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட செல்லப் பெயர்களையெல்லாம் சொல்லி அழுதார். எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டால் தன் மனபாரம் இறங்கிவிடும் என்று ஃப்ளோரா எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். சொல்லியாகிவிட்டது. ஒன்றும் இறங்கவில்லை. மிளகாய் எரியும் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

அழுது அழுது அவர் ஓய்ந்துபோனார். அவள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாங்கிக் குடித்தார். நெடுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஈரக் கையை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மூஞ்செல்லாம் ஈரமா கீதே. மழையா பெய்யுது?"

ஃப்ளோரா அவரையே பார்த்தாள்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துப் பழைய சிரிப்பைச் சிரித்தார். "இன்னாம்மா, ஹென்றி இன்னும் எழுந்துக்கலியா?"

ஃப்ளோரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு நினைவில்லை. கால்மணி நேரத்துக்கு முன்னால் தான் அழுததுகூட நினைவில்லை. தம்பி செத்துப்போன செய்தியை இந்த மனிதர் இதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டிருப்பார்? இனி எத்தனை தடவை கேட்பார்? அவளுக்கு ஹென்றி ஒரே ஒரு தடவைதான் செத்தான்.

இந்தத் தடவை அவளால் செத்துவிட்டான் என்று சொல்ல முடியவில்லை. இருக்கிறான் என்றும் சொல்ல வரவில்லை. எழுந்து போய்க் கிண்ணத்தில் வெந்நீரும் பழந்துணியும் கொண்டுவந்தாள். கிழிந்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கழுவினாள். கண்ணாடித் துண்டு ஒன்று தைத்திருந்தது. பிடுங்கினாள். அவர் முகம் சுளிக்கவே இல்லை. அந்தக் கால் தன்னுடையது என்பதே தெரியாதவர்போல் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னேன்னு அவனாண்ட சொல்லாத. கோவிச்சிப்பான். உங்க கல்யாணத்துக்கு மொத நாளு அவன் தூங்கவே இல்ல, தெரியுமா?"

"ஏன்?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"அவனுக்கு முன்பல்லு ஒடைஞ்சிருக்கில்ல? பட்டறையில ஸ்பேனர் பட்டு. 'அந்தப் பொண்ணு பாத்தா சிரிச்சிடும் அண்ணா, நான் வாயத் தொறக்கவே மாட்டேன்'னான். கண்ணாடி முன்னாடி நின்னுகினு, வாயத் தொறக்காம பேசி பேசி பாக்கறான். டோரதி பாத்துட்டு ஒரே சிரிப்பு!"

கல்யாணமான முதல் வாரம் முழுக்க ஹென்றி அவளிடம் சரியாக வாய் திறந்து பேசவில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள். காரணத்தை அவன் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அது பாதியில் உடைந்து, அவருடைய பாதத்தின் மேலேயே குனிந்து விம்மி அழ ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா? அவன் ஏதாவது சொன்னானா? வரட்டும், நான் கேக்கறேன்" என்றார் சவரிநாதன்.

* * *

டோரதி வந்து சேர்ந்தபோது மணி ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே, கணவர் சப்பணமிட்டு உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலில் வெள்ளைத் துணிக் கட்டு. டோரதிக்கு உயிர் வந்தது. ஆனால் படியேறக் கால் வரவில்லை.

"உள்ள வாக்கா" என்றாள் ஃப்ளோரா.

டோரதி உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். வலது பக்கம் காலி. பழக்கத்தில் குனிந்து தட்டைத் திருப்பி வைத்தாள். சவரிநாதன் மீதியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஃப்ளோரா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்படி கீறாருன்னு ஏன் என்னாண்ட சொல்லல?"

"ரெண்டு தபா வந்தேன். நீ கதவத் தொறக்கல."

ஃப்ளோரா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொல்லிட்டேன்க்கா. அவரு செத்தத. ரொம்ப மோசமா சொல்லிட்டேன்."

டோரதி அவள் தோளில் கை வைத்தாள். "மறந்துட்டாரில்ல?"

"மறந்துட்டாரு. நான்தான் மறக்கமாட்டேன்."

மடத்தில் மதர் சொன்னதையும், நாளைக்கு ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியதையும் டோரதி சொன்னாள். உதவி கேட்கவென்று சொல்லவில்லை. யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. சொல்லி முடித்ததும் ஃப்ளோரா கேட்டாள்:

"நீ வூட்டுலேர்ந்து எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"ஆறரை. ஏன்?"

"நான் வரேன்."

டோரதி திகைத்துப்போனாள். "அவசரத்துல சொல்லாதம்மா. சோறு போடறது, குளிப்பாட்றது, பின்னாடியே ஓடறது, இதெல்லாம்கூட செஞ்சிடலாம். ஒரு நாளைக்குப் பத்து தபா தம்பி எங்கன்னு கேப்பாரு. பத்து தபாவும் நீ பொய் சொல்லணும். உன் வூட்டுக்காரர பத்தி. உன்னால முடியுமா?"

ஃப்ளோரா வாயைத் திறப்பதற்குள், "இன்னா நடக்குது இங்க?" என்ற குரல் கேட்டது.

லூயிஸ் வாசலில் நின்றான். விசைப்படகு சங்கத்தின் கூட்டம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். நல்ல உழைப்பாளி. தங்கை மேல் உயிர். அவளைப் பார்த்துக்கொள்வதற்காகவே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவன். சவரிநாதனைத் தன் வீட்டுக்குள் பார்த்ததும் அவன் கண் சிவந்தது.

"யார கேட்டு உள்ள வுட்ட?"

"அவரா வந்தாரு அண்ணா. கால்ல கண்ணாடி குத்திச்சு." ஃப்ளோரா எழுந்து நின்றாள். "நான் ராயபுரத்துக்குப் போறேன். அக்கா வேலைக்குப் போவணும். இவர பாத்துக்க ஆளு இல்ல."

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உன் புருசன கொன்னவனுக்கு கஞ்சி ஊத்தப் போறியா? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். அவரு கொல்லல அண்ணா. மழையில சக்கரம் மாட்டிகிச்சு. எனக்கு யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு, அதனால அவர சொன்னேன்."

"அதுக்கு? நீ ஏன் போவணும்?"

ஃப்ளோரா திரும்பிப் பார்த்தாள். சவரிநாதன் எதுவும் காதில் விழாதவர்போல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் அழுவேன்னு நீ அவரு போட்டாவ எடுத்து உள்ள வெச்சிட்ட" என்றாள் கடைசியில். "இந்த வூட்ல அவரு பேர யாரும் சொல்றதில்ல. நல்லதுக்குத்தான் செஞ்ச, எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு இவரு குந்திக்கினு அவர பத்தி பேசறாரு அண்ணா. பக்கத்து ரூம்ல கீற மாதிரி பேசறாரு. உலகத்துல இவரு ஒருத்தருக்குத்தான் என் வூட்டுக்காரரு இன்னும் உசுரோட கீறாரு. நான் அங்க போறேன்."

லூயிஸின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து போனது. அவன் குரல் இறங்கியது.

"அப்போ மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

டோரதி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த மாப்பிள்ள?" என்றாள் ஃப்ளோரா.

லூயிஸ் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நாளைக்கு சாயங்காலம் ராயபுரத்துக்கே வரேன். பெரியவங்கள கூட்டிகினு வரேன். அங்க பேசிக்கலாம்." திரும்பித் தெருவில் இறங்கி நடந்துவிட்டான்.

"அண்ணா! யார கேட்டு வாக்கு குடுத்த?"

அவன் நிற்கவில்லை.

டோரதி மெதுவாகச் சொன்னாள்: "நீ இங்கியே இரும்மா. எனக்காக உன் வாழ்க்கைய..."

"உனக்காக இல்லக்கா" என்று சொல்லிவிட்டு ஃப்ளோரா இரண்டு புடவையையும் ஜெபமாலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அண்ணன் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த ஹென்றியின் போட்டோவைத் தேடி எடுத்தாள். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு புடவைக்குள் சுற்றி வைத்தாள்.

* * *

பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. எண்ணூரிலிருந்து வந்த பஸ்தான். ஜன்னல் வழியாகக் கடற்காற்று உப்போடு வீசியது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் டோரதி, அடுத்து சவரிநாதன், அவருக்கு வலது பக்கம் ஃப்ளோரா. அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் அவருக்குத் தெரியும் என்று டோரதி சொல்லிக்கொடுத்திருந்தாள். அது முதல் பாடம்.

கண்டக்டர் வந்தார். "எங்கப்பா?"

"ராயபுரம்" என்றார் சவரிநாதன், டோரதி முந்துவதற்குள். பழையபடி குடும்பத் தலைவர் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு."

கண்டக்டர் சீட்டைப் பார்த்தார். மூன்று பேர். பின்னால் எட்டிப் பார்த்தார். "நாலாவது யாரு?"

இந்தக் கேள்விக்கு டோரதியிடம் எத்தனையோ பதில்கள் தயாராக உண்டு. ஆனால் ஹென்றியின் மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மூணு குடுப்பா" என்றாள் ஃப்ளோரா.

சவரிநாதன் அவள் பக்கம் திரும்பினார். "ஹென்றி வரலியா?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஃப்ளோரா முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பஸ்ல வராரு மாமா" என்றாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவருக்கு அது தெரியாது. டோரதிக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம. எடம் கெடைக்குமோ இன்னாவோ" என்று சவரிநாதன் கவலைப்பட்டார்.

"கெடைக்கும் மாமா. நின்னுகினாவது வந்துடுவாரு."

அவர் சமாதானமாகித் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஃப்ளோராவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஃப்ளோரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டோரதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃப்ளோராவின் முகத்தை இப்போது பார்க்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

தண்டையார்பேட்டை தாண்டும்போது ஃப்ளோராவின் குரல், அவர் தூக்கம் கலையாதபடி தாழ்ந்து கேட்டது.

"அக்கா, ஒருநாள் அவரு கேக்காம இருந்துட்டா? தம்பிய பத்தி கேக்கறதயே மறந்துட்டா?"

டோரதி இதை ஒருநாளும் யோசித்ததில்லை. பஸ் ராயபுரம் வந்து நிற்கும்வரை கணவரின் இடது கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.